காத்திருப்பவர் காதில் என்ன விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அலுவலகத் தொலைபேசியோடு பாட்டுக் கருவி, பதிவுக் கருவி, ஒலிபெருக்கி ஆகியவற்றை இணைப்பது பற்றியவை. பினாங்கு ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக வேலையைத் தொடங்கி, பிறகு அலுவலகத் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளிவழியோடும் இணைக்கும் கீபோன் பெட்டிகளைப் பொருத்தும் தொழிலுக்கு வந்தவள் நான். அதனால் இவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: அம்மா, ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் காத்திருக்கும்போது பாட்டுக் கேட்கட்டும் என்று ஒரு பழைய கைப்பேசியைக் கீபோன் பெட்டியில் இணைத்தோம். இணைத்துக் கொடுத்தவர் கேபிளை வெட்டி, சிவப்புக் கம்பியையும் வெள்ளைக் கம்பியையும் பெட்டியின் இரண்டு திருகாணிகளில் மாட்டினார். வாத்தியங்கள் கேட்கின்றன, பாடுகிறவரின் குரல் மட்டும் கேட்பதே இல்லை. கூடவே கரகரப்பும் உறுமலும். பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? – ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: பெட்டியை மாற்றாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் கேபிளுக்குள் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று இடப்பக்க ஒலி, ஒன்று வலப்பக்க ஒலி, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி. இந்தத் தரைக்கம்பி பெரும்பாலும் உறையில்லாமல், மற்ற இரண்டையும் சுற்றிய செப்பு வலையாக இருக்கும். பாடல் பதிவாகும்போது பாடகரின் குரலை நடுவில் வைப்பார்கள். அதாவது இடத்திலும் வலத்திலும் அது ஒரே அளவில் இருக்கும். சிவப்பையும் வெள்ளையையும் இரு திருகாணிகளில் மாட்டி, செப்பு வலையை அந்தரத்தில் விட்டுவிட்டால், பெட்டிக்குப் போவது இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. இரண்டிலும் சமமாக உள்ள குரல் கழிந்துபோய்விடும். ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்ட வயலினும் தாளமும் மிஞ்சும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

சரிசெய்வது எளிது. சிவப்பிலும் வெள்ளையிலும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அவற்றின் மறுமுனைகளை ஒன்றுசேர்த்து ஒரு திருகாணியில் மாட்டுங்கள். செப்பு வலை மற்றத் திருகாணிக்குப் போகட்டும். ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டையும் நேரடியாக முறுக்கிவிட வேண்டாம். கைப்பேசியின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இந்த ரெசிஸ்டர்கள் சில காசுகளுக்குக் கிடைக்கும். திருகாணிக்குப் பதில் ஜேக் உள்ள பெட்டி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது மோனோ ஜேக்காக இருந்து, நீங்கள் செருகுவது ஸ்டீரியோ பிளக்காக இருந்தால், வலப்பக்க ஒலி தரையோடு ஒட்டி முழுதாகவே காணாமல் போகும்.

இனி உறுமல். கைப்பேசி எந்நேரமும் சார்ஜரில் இருக்கிறது, கீபோன் பெட்டி வேறொரு பிளக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒலிக்கம்பி வழியாகவே ஒரு சிறு மின்னோட்டம் சுற்றி வருகிறது. நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அதில் ஏறிக்கொள்கின்றன. நடுவே ஒரு சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை வையுங்கள். கார் ஆடியோ கடைகளில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் தருவார்கள். ஒலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் காந்தப்புலமாகத் தாண்டும். கம்பி எங்குமே தொடாது. வெளிக்கருவி எதுவானாலும், கீபோன் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் இப்படி ஒரு பிரிவினை இல்லாமல் நான் இணைப்பதில்லை.

கரகரப்புக்குக் காரணம் ஒலியளவு. கைப்பேசியின் இயர்போன் வழியில் வரும் ஒலியை முழு அளவில் வைத்திருப்பீர்கள். சுழியத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஏற்றும்போது கடைக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷனில் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம். கடைக்கு வெளியே போய், வேறொரு கைப்பேசியிலிருந்து கடை எண்ணை அழைத்து, உங்களைக் காத்திருக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளர் காதில் விழுவது அங்கேதான் தெரியும். வழக்கமான தொலைபேசி வழி ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியும் தம்புராவின் கீழ்ச்சுருதியின் கனமும் அதற்குள் நுழையாது. அழைப்பவர் கைப்பேசியில் இருந்தால், பேச்சுக்காகவே வடிவமைக்கப்பட்ட குறியாக்கத்துக்குள்ளும் அந்த இசை புகுந்து வர வேண்டும். நூறு வயலின்கள் சேர்ந்து ஒலிக்கும் திரைப்பாட்டை அது நசுக்கிவிடும். தனிப் புல்லாங்குழலோ தனி வீணையோ ஓரளவு முகம் மாறாமல் போய்ச் சேரும்.

இன்னொன்று: அந்தக் கைப்பேசியில் சிம் கார்டையும் வைஃபையையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டுப்புடவை விலை கேட்கக் காத்திருப்பவர் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளின் மணியோசையையும் கேட்பார். மின்சாரம் போய் வந்ததும் தானாகவே பாடத் தொடங்கும் சிறிய கருவி இன்னும் நல்லது.

வானொலியை இணைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தீபாவளி நெருங்கும்போது உங்கள் வாடிக்கையாளர் உங்கள் செலவில் எதிர்க்கடையின் விளம்பரத்தைக் கேட்பார். உரிமம் பற்றியும் யோசிக்க வேண்டும். நம் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளை எம்ஏசிபி என்ற அமைப்பும், ஒலிப்பதிவு நிறுவனங்களின் உரிமையைப் பிபிஎம் என்ற அமைப்பும் கவனிக்கின்றன. முதலில் அவர்களிடம் விசாரியுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை இன்றைய வித்துவான் ஒருவர் வாசித்த பதிவுக்கு உரிமை உண்டு. என் யோசனை இது: உங்கள் வட்டாரத்தில் வீணை கற்பிக்கும் ஓர் ஆசிரியையை அணுகி, உரிய சன்மானம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு கீர்த்தனையை வாசித்துப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வேறெந்தக் கடையிலும் கேட்காத இசை உங்களுடையதாகும்.

காத்திருப்பு இசையே தற்செயலாகப் பிறந்ததுதான். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் தொலைபேசிக் கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் உரசி, கட்டடமே வானொலி ஆன்டெனாவாக மாறி, காத்திருந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்டதாம். அதைக் கவனித்த ஆல்பிரட் லெவி 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966இல் கிடைத்தது.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, பட்டர்வொர்த்தில் ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எந்த நேரத்துக்கு எந்தக் கொள்கலனை எடுக்கச் சொன்னார்கள் என்பதில் அடிக்கடி தகராறு வருவதால், முதலாளி அழைப்புகளைப் பதிவுசெய்யச் சொன்னார். ஒரு டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவியும், தொலைபேசிக் கம்பியில் செருகும் அடாப்டரும் வாங்கி, என் மேசைத் தொலைபேசியின் கம்பியில் இணைத்தேன். பேச்சு பதிவாகவில்லை, வெறும் சீறல் சத்தம்தான். எங்கே தவறு? மற்ற ஊழியர்களுக்குச் சொல்லாமல் அவர்கள் அழைப்புகளையும் பதிவுசெய்ய முடியுமா என்றும் முதலாளி கேட்கிறார். – ஒரு வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, கருவியில் குறையில்லை, அதை மாட்டிய இடம்தான் பொருந்தவில்லை. உங்கள் மேசையில் இருப்பது திரையும் பொத்தான்களும் கொண்ட டிஜிட்டல் சிஸ்டம் போன் என்று ஊகிக்கிறேன். அதில் குரல் தொலைபேசிக்குள்ளேயே எண்களாக மாறிவிடுகிறது. சுவர்வரை ஓடும் கம்பியில் போவது மின்துடிப்புகள் மட்டுமே. உங்கள் அடாப்டர் சாதாரண அனலாக் வழிக்கென்று செய்யப்பட்டது. துடிப்புகளை அதனால் சீறலாகத்தான் கொடுக்க முடியும்.

குரல் குரலாகவே இருக்கும் இடங்களைத் தேட வேண்டும். முதல் இடம், வெளிவழி கீபோன் பெட்டிக்குள் நுழைவதற்கு முந்தைய கம்பி. இப்போது பல அலுவலகங்களில் கண்ணாடியிழை இணைப்பின் மோடத்திலுள்ள தொலைபேசித் துளையிலிருந்து இரட்டைக் கம்பி புறப்பட்டுப் பெட்டிக்குப் போகிறது. அந்த இரட்டைக் கம்பியில் அனலாக் குரல் ஓடுகிறது. அதே அடாப்டரை அங்கே மாட்டினால் வேலை செய்யும். அழைப்பை யாருக்கு மாற்றிவிட்டாலும் பதிவு தொடரும். ஒவ்வொரு வெளிவழிக்கும் ஒரு கருவி வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பேசுவது இதில் பதிவாகாது.

ஒரு எச்சரிக்கை. அடாப்டர் இல்லாமல் அந்த இரட்டைக் கம்பியைப் பதிவுக் கருவியின் மைக் துளையில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள். பழைய செப்பு வழிகளில் பேச்சில்லாத நேரத்தில் ஏறக்குறைய 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டும் அதற்கு மேலும் மாறுமின்சாரம் வரும். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். முதல் மணியிலேயே கருவி கருகிவிடும்.

இரண்டாவது இடம், ஹேண்ட்செட்டையும் தொலைபேசியையும் இணைக்கும் சுருள் கம்பி. தொலைபேசி டிஜிட்டலானாலும், கணினி வலையில் ஓடும் ஐபி போனானாலும், பெரும்பாலும் இந்தச் சுருளில் குரல் அனலாக்காகவே ஓடும். இங்கே வைப்பதற்கென்றே சிறிய பெட்டிகள் விற்கிறார்கள். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் பதிவாகாது. மூன்றாவது, காதுக்குள் வைக்கும் மைக். பார்க்க இயர்போன் போல இருக்கும், உள்ளே மைக் இருக்கும். அதைக் காதில் செருகி ஹேண்ட்செட்டை அதன்மேல் வைத்தால் இருவர் குரலும் பதிவாகும். கைப்பேசிக்கும் பொருந்தும். ஒருவர் மேசைக்கு மட்டும் தேவை என்றால் இதுவே போதும், எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். நிறுவனம் முழுதும் ஐபி போனாக இருந்தால் வெளிக்கருவியே தேவையில்லை. ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள் இணைப்பகங்களில் பதிவு வசதி உள்ளேயே இருக்கிறது. சேமிப்புக்கும் பெரிய இடம் வேண்டாம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு பக்கக் குரல் நொடிக்கு 64 கிலோபிட். இரு குரலையும் கலந்து அதே முறையில் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 29 மெகாபைட்தான்.

உங்கள் தொழிலுக்கென்று ஒன்று சொல்கிறேன். பதிவுக் கருவியில் குரல் கேட்டால் மட்டும் ஓடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மௌனத்துக்குப் பிறகும் முதல் அசையை அது விழுங்கும். கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் உண்டு. முதல் எழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது. 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாததால் எஃப், எஸ் என்ற எழுத்துகளைத் தொலைபேசியில் பிரித்தறிவது மனிதக் காதுக்கே கடினம். எழுத்துகளை ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யட்டும். பிறகு தகராறு வந்தால் பதிவு பேசும்.

ஊழியர்களுக்குச் சொல்லாமல் பதிவுசெய்ய முதலாளி வழி கேட்கிறார். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். ஹோட்டலின் தொலைபேசி போர்டில் உட்கார்ந்த காலத்தில் எங்களுக்குக் கற்பித்த முதல் ஒழுங்கு, அழைப்பை இணைத்ததும் பேச்சைக் கேட்க உதவும் சாவியை விட்டு விலகிவிட வேண்டும் என்பதுதான். பிறர் பேச்சைக் கேட்கும் வசதி நம் கையில் இருக்கிறது என்பதற்காகக் கேட்டுவிட முடியாது. சட்டமும் அப்படித்தான் நிற்கிறது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, சட்டப்பூர்வ அதிகாரமின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகத் தரவு சேகரிப்பவர் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அடையாளம் காணத்தக்க மனிதரின் குரல் தனிநபர் தரவுதான். 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கான அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

ஆகவே அழைப்பின் தொடக்கத்திலேயே, 'இந்த உரையாடல் பதிவாகிறது' என்ற அறிவிப்பை மலாய், ஆங்கிலம் இரண்டிலும் ஒலிக்கவிடுங்கள். உங்களை அழைப்பவர்களில் தமிழர் பலர் என்றால் தமிழிலும் ஒலிக்கட்டும். ஊழியர்களிடம் எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்குங்கள். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் கேட்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முதலாளியின் வழக்கறிஞர் அந்தத் தாளைப் பார்த்துவிடட்டும். பதிவாகிறது என்று தெரிந்தாலே பாதித் தகராறு எழாது. முதலாளிக்கு வேண்டியதும் அதுதானே?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் எங்கள் கோயில் அலுவலகத் தொலைபேசியிலிருந்தே மண்டப ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்ய விரும்புகிறோம். அன்னதானம் தயார் என்பதற்கும், தைப்பூச நேரத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிட்ட பெற்றோரை அழைப்பதற்கும் உதவும். பெட்டியில் பேஜிங் என்று எழுதிய ஒரு துளை இருக்கிறது. அதில் நேரடியாக ஸ்பீக்கரை இணைக்கலாமா? – கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்

பதில்: இணைத்தால் எதுவும் கேட்காது, ஐயா. அந்தத் துளையில் வருவது மிக மெல்லிய சமிக்ஞை; ஆம்பிளிஃபையருக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டுமே போதுமானது. 600க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாக அதை ஆம்பிளிஃபையரின் ஆக்ஸ் துளைக்குக் கொண்டுபோங்கள். மைக் துளையில் போட்டால் குரல் உடைந்து அலறும்.

மண்டபத்தில் கூம்பு ஒலிபெருக்கிகள் இருந்தால் அவை 100 வோல்ட் வழியில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கூம்பிலும் வாட் குறித்திருக்கும். அவற்றைக் கூட்டினால் வரும் தொகை ஆம்பிளிஃபையரின் வாட்டுக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும். 15 வாட் கூம்பு எட்டு என்றால் 120 வாட் ஆகிவிடும். ஆகவே 150 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். அந்த 100 வோல்ட் கம்பி எக்காரணத்தைக் கொண்டும் தொலைபேசிக் கம்பியோடு ஒரே குழாயில் போகக் கூடாது.

அறிவிப்புச் செய்யும் தொலைபேசியை மண்டபத்துக்குள் வைக்காதீர்கள். ஒலிபெருக்கியின் சத்தம் ஹேண்ட்செட்டுக்குள் திரும்பி வந்து ஊளையிடும். கதவடைத்த அலுவலக அறையே சரி. பல பெட்டிகளில் அறிவிப்பின்போது மூடித் திறக்கும் ரிலே முனைகள் உண்டு. அவற்றை ஆம்பிளிஃபையரின் மியூட் முனைகளோடு இணைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நாதஸ்வர இசை தானாக அடங்கி, அறிவிப்பு முடிந்ததும் திரும்பும். பிள்ளையைத் தேடும் தாய்க்குக் குழந்தையின் பெயர் தெளிவாகக் கேட்பது முக்கியம். ஆம்பிளிஃபையரில் பேஸ் ஒலியைக் குறைத்து வைத்து, மெதுவாக, பெயரை இருமுறை சொல்லுங்கள். தரை ஓடு பதித்த மண்டபத்தில் வேகமாகப் பேசினால் சொல்லோடு சொல் மோதும்.

கடைசியாக, யார் அறிவிப்புச் செய்யலாம் என்பதைப் பெட்டியின் அமைப்பிலேயே கட்டுப்படுத்துங்கள். வெளியிலிருந்து அழைப்பவர் ஏதோ ஓர் எண்ணை அழுத்தி உங்கள் கருவறை வாசல் ஒலிபெருக்கிக்குள் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்துபவர் முன்னிலையிலேயே கைப்பேசியிலிருந்து அழைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: செந்தூலில் எங்கள் கணக்காய்வு அலுவலகம். பெருமழைக்குப் பிறகு காத்திருப்பு இசைக் கருவியும் பெட்டியில் அதற்கான துளையும் எரிந்துபோய்விட்டன. ஐசொலேட்டர் இருந்தும் ஏன்? – ஒரு வாசகி

பதில்: ஐசொலேட்டர் உறுமலைத் தடுக்கும், மின்னலைத் தாங்கும் என்று நம்ப முடியாது. உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. பக்கத்தில் மின்னல் விழுந்தாலே ஒரு தரைக்கும் மற்றொரு தரைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழும். அது உங்கள் ஒலிக்கம்பியைப் பாலமாக்கிக்கொள்ளும். இசைக் கருவியும் கீபோன் பெட்டியும் ஒரே மின்னல் தடுப்பு பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். பெட்டியின் தரைத் திருகாணியைத் தடித்த கம்பியால் கட்டடத் தரையோடு இணையுங்கள். நான் பார்க்கும் பாதி இடங்களில் அந்தத் திருகாணி வெறுமையாகவே இருக்கிறது. தொலைபேசிக் கம்பி நுழையும் இடத்தில், மிகை மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பிவிடும் வாயுக்குழாய்த் தடுப்பான் வையுங்கள். கண்ணாடியிழை மின்னலைக் கொண்டுவராது, ஆனால் பின்புறச் சந்தினைத் தாண்டிப் பக்கத்துக் கடைவீட்டுக்கு வெட்டவெளியில் போகும் எக்ஸ்டென்ஷன் கம்பி கொண்டுவரும். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: மறைந்த அப்பாவின் குரல் கடையின் பழைய பதில் கூறும் கருவியில், சிறு காசெட்டில் இருக்கிறது. கணினிக்கு மாற்ற முடியுமா? – ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: முடியும், அம்மா. அந்தக் கருவியை இனி மின்சாரத்தில் இணைக்கவே வேண்டாம். சில கருவிகள் மின்சாரம் வந்ததும் நாடாவைச் சுழற்றிப் பார்க்கும், தவறான பொத்தானை அழுத்திவிட்டால் அழித்தும்விடும். காசெட்டை வெளியே எடுத்து, அதன்மேல் புதிதாக எதுவும் பதிவாகாமல் இருக்க, ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் தாழ் இருந்தால் உடைத்துவிடுங்கள். மைக்ரோ காசெட்டாக இருந்தால், பழைய பொருள் கடையில் அதற்குரிய கையடக்கப் பதிவுக் கருவி கிடைக்கலாம். முதலில் வேறொரு காசெட்டைப் போட்டு அது நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். நொடிக்கு 2.4 செ.மீ., 1.2 செ.மீ. என்று இரண்டு வேகம் இருக்கும். குரல் அப்பாவுடையதாகக் கேட்கும் வேகம் எது என்று உங்களுக்கே தெரியும். அதன் இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன் இன் துளைக்கு ஒரு கேபிள் போதும். சுருக்காத வடிவத்தில் பதிவுசெய்து, இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதையும் தொடாமல் அப்படியே ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யலாம்.